ஆப்ரிகாட் டப்பாவும் மாலைக்கண்ணும்

அந்த டப்பாவைக் கைப்பற்றியே தீருவது என்று ஜாம் தொழிற்சாலை ரசாயன நிபுணர் முடிவு செய்தார். உள்ளே இருந்தது உலர்ந்த ஆப்ரிகாட். தன் அண்ணன் தனக்கு அனுப்பியது என்று மனைவி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். போன டப்பாவை இவர் ஒரே மூச்சில் காலி செய்ததால் வந்த வினை.

கேட்டால் கிடைக்காது. மருந்து என்றால் கிடைக்கும். பொழுது சாயும் நேரம் பார்த்துக் கதவில் முட்டிக்கொண்டார். கொடியில் தொங்கிய பூப்போட்ட போர்வையைப் பார்த்து, "வாங்க அத்தை, எப்ப வந்தீங்க?" என்றார்.

"எங்கம்மா இவ்வளவு பெரிய பூப்போட்ட சேலையெல்லாம் கட்டிக்க மாட்டாங்க. என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"மாலைக்கண்ணும்மா. பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியல."

"ஐயையோ! டாக்டர்கிட்ட போவோமா?"

"டாக்டர் எதுக்கு? ஆப்ரிகாட் போதும். அந்த மஞ்சள் நிறம் இருக்கே, அது கரோட்டின். உடம்புக்குள்ள போனா வைட்டமின் ஏ ஆயிடும். கண்ணு பளிச்!"

"புளிக்குமே?"

"அது மாலிக் அமிலம், சிட்ரிக் அமிலம். பழுக்கப் பழுக்க அமிலம் குறையும், சர்க்கரை ஏறும். ரெண்டும் சமாதானமாப் போற இடம் இருக்கு பாரு, அதுதான் ருசி!"

சொல்லும்போதே வாய் ஊறியது. மனைவி அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்தாள். இவர் கையை நீட்டினார்.

"ஒரு சந்தேகங்க. இந்தக் கரோட்டின் இதுல மட்டும்தான் இருக்கா?"

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் மனிதர் மனைவியிடம் எந்தப் பொய்யும் கூசாமல் சொல்வார். ரசாயனத்தில் பொய் சொல்ல மட்டும் நாக்கு எழாது.

"நல்லா கேட்ட போ! கேரட்ல இதைவிடப் பல மடங்கு இருக்கு. அதையும் வேகவெச்சுத் தின்னா இன்னும் நல்லா உடம்புல சேரும்!" என்று மேசையைத் தட்டினார். தட்டிய பிறகுதான் உறைத்தது.

சற்று நேரத்தில் கிண்ணம் நிறைய வெந்த கேரட் வந்தது. உப்பில்லை, சர்க்கரையில்லை.

"கண்ணு தெளியற வரைக்கும் ரெண்டு வேளையும் இதுதான்" என்று எதிரில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள் அவள். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான் சும்மா ருசிக்குத் தின்னுக்கறேன்."

இரண்டு வாய் உள்ளே தள்ளியவர் மூன்றாவதற்குள் துள்ளி எழுந்தார்.

"தெளிஞ்சிடுச்சும்மா! எல்லாம் பளிச்சுன்னு தெரியுது!"

"நிஜமாவா? மேல மூலையில ஒட்டடை தெரியுதா?"

"ஒவ்வொரு இழையும் தெரியுது!"

ஒட்டடைக்கம்பு அவர் கைக்கு வந்தது. ஆப்ரிகாட் அவள் வாய்க்குப் போனது.