நிச்சயத் தட்டும் என் ஒத்தத் தும்மலும்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலதான். அக்கா மவ அபிக்கு நிச்சயம். நான் தாய்மாமன். மாப்பிள வீட்டுத் தாம்பூலத் தட்டை வாங்கிட்டு, எங்க தட்டைக் குடுக்கணும். சின்னப் பிள்ள கூடச் செய்யும்.

அதுலதான் நான் மானத்த வாங்கினேன்.

விஷயம் பல்லுல ஆரம்பிக்குது. மேல வலது பக்கம் எனக்குக் கடவாப்பல்லே கெடையாது. ஒண்ணொண்ணா விடைபெற்றுப் போச்சு. கடைசிப் பல்லு போனது ஒரு ஏத்தங்கா உப்பேரி, அதான் நேந்திரங்கா சிப்ஸ், கடிச்சதுல. சரி, ஸ்குரூ வச்சுப் பல்லு கட்டிருவோம்னு நாகர்கோயிலுக்குப் போனேன்.

பல் டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு. எக்ஸ்ரேயைப் பாத்துட்டு ஒதட்டப் பிதுக்கினாவ.

"அண்ணே, ஸ்குரூ நிக்க எலும்பு பத்தாது. பல்லு இல்லாமலே ரொம்ப நாள் விட்டுட்டீங்க. மேல சைனஸ் பை எறங்கியிருக்கு. அதைக் கொஞ்சம் மேல தூக்கி, அடியில எலும்புத்தூள் வச்சுத் தச்சிருவோம். அது இறுகுன பெறவுதான் ஸ்குரூ."

நான் தக்கலையில ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். "சுவரு பொடியுது, மொதல்ல பூசுங்க, பெறவு ஸ்குரூ அடிங்க"ன்னு வாரவங்க போறவங்களுக்கெல்லாம் புத்தி சொல்லுகவன். இப்ப என் மூஞ்சிக்கே பூச்சு வேல!

ஆபரேஷன் வலிக்கல. முடிஞ்ச பெறவு டாக்டர் சொன்ன புத்திமதிதான் வலிச்சுது.

"ரெண்டு வாரம் மூக்கு சிந்தப்பிடாது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சப்பிடாது. பலூன் ஊதப்பிடாது."

"நான் எதுக்கும்மா பலூன் ஊதப் போறேன்?"

"முக்கியமா தும்மல் வராமப் பாத்துக்கிடுங்க. மீறி வந்தா மூக்கைப் பொத்தி அடக்கிராதீங்க, வாயை நல்லாத் தொறந்து விட்டுருங்க. இல்லன்னா உள்ள வச்ச தூளு எடம் மாறிரும். திரும்ப மொதல்லேருந்துதான்."

பக்கத்துல இருந்த என் பொஞ்சாதி கோமதிக்கு மொகம் மாறிப் போச்சு. என் தும்மல் எங்க தெருவுல பிரசித்தம். நான் தும்முனா எதிர்த்த வீட்டுல தூங்குக பிள்ள எழும்பி அழும். அவ அன்னைக்கே அடுக்களையில தாளிப்ப நிறுத்திட்டா. நாலு நாள் கூட்டானும் கொழம்பும் ஆஸ்பத்திரிச் சோறு மாதிரி இருந்துது. நானும் வாயைத் தொறக்காமத் தின்னேன்.

அஞ்சாம் நாள் நிச்சயம். ஜோசியர் குறிச்ச நாளு, என் மூக்குக்காக மாத்துவாங்களா?

இதுல ஒரு சிக்கல் உண்டு. அபியும் அந்தப் பையனும் ரெண்டு வருஷமா விரும்புகாவ. ரெண்டு வீட்டுலயும் சம்மதம். பையனோட அத்தைக்கு மட்டும் வயித்தெரிச்சல். தன் மவளை அவனுக்குக் கட்டி வைக்கலாம்னு இருந்தவ. சின்னதா ஒரு சாக்கு கிடைச்சாப் போரும், கல்யாணத்த நிறுத்திருவா.

"எலே, ஒண்ணையும் கொழப்பிராத, கேட்டியா?" அக்கா காலையிலயே எச்சரிச்சா.

"நான் என்ன கொழப்பப் போறேன்? தட்ட வாங்கணும், தட்டக் குடுக்கணும்."

"சரி, தும்மலுக்குப் பயந்து மாட்டியிருக்க அந்த மாஸ்க்கக் கழத்து. பொண்ணுக்க மாமனுக்கு என்ன சீக்கோன்னு கேப்பாவ."

கழத்தினேன்.

பூதப்பாண்டியில அக்கா வீடு. சாம்பிராணி போடப்பிடாது, ஊதுபத்தி கொளுத்தப்பிடாதுன்னு கோமதி முன்கூட்டியே சட்டம் போட்டிருந்தா. நான் தெம்பா இருந்தேன்.

அப்பத்தான் மாப்பிள வீட்டுலேருந்து ஒரு டெம்போ வந்து நின்னுது.

அவங்க தோவாளையில பூ வியாபாரம். அது எனக்குத் தெரியும். ஆனா பூவு தோவாளையிலதானே இருக்கும்னு நெனச்சேன்! என் புத்தி அவ்வளவுதான்.

"பூ மட்டும் எங்க பொறுப்பு!"ன்னு மாப்பிளைக்க அப்பா சிரிச்சிட்டே எறங்கினாரு. பிச்சி, ரோஜா, கேந்தி, மரிக்கொழுந்துன்னு கூடை கூடையா எறக்கினாவ. அரை மணிக்கூர்ல அக்கா வீட்டுக் கூடம் பூச்சந்தை ஆயிட்டு.

நான் பைய கொல்லைப் பக்கமா நழுவினேன். அக்கா வீட்டுக்காரரு, எங்க அத்தான், கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாரு.

"மச்சான், எங்க போறீரு? தாய்மாமனுக்கு மாலை போடணும்லா!"

மாலையா அது! கழுத்துல விழுந்ததும் நான் ஒரு அடி முன்னால போனேன். மூக்குக்கு நேர் கீழ ஒரு கொத்து மரிக்கொழுந்து. வாயால மூச்சு விட்டேன்.

"மாமனுக்கு எளைப்பு நோய் உண்டோ?" மாப்பிளைக்க அத்தை கேட்டாவ. ஆரம்பிச்சாச்சு.

நேரம் வந்துது. மாப்பிளைக்க அப்பா தட்டை நீட்டினாரு. நான் எங்க தட்டோட நின்னேன். வெத்தில, பாக்கு, பழம், மேல ஒரு எலுமிச்சம்பழம். ரெண்டு கையிலயும் தட்டு.

மூக்குக்குள்ள ஒண்ணு ஊர்ந்துது.

தெய்வமே, இப்பமா? கையால மூக்கைத் தேய்க்கவும் வழியில்ல. கண்ணு ரெண்டும் கலங்கிட்டு. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்துது. வாயை நல்லாத் தொறந்தேன்.

மாமா என்னமோ பேசப் போறாருன்னு கூடமே அமைதியாயிட்டு. வீடியோக்காரன் லைட்டைத் தூக்கி என் வாய்க்குள்ள அடிச்சான். நான் தொறந்த வாய் தொறந்தபடி நிக்கேன். தையல் உள்பட எல்லாத்தையும் எல்லாரும் பாத்தாச்சு.

"சொல்லுங்க மாமா"ன்னு மாப்பிள மரியாதையாச் சொன்னாரு.

சொன்னேன்.

வெத்தில பறந்துது. எலுமிச்சம்பழம் உருண்டு போயி, வேற எடமே இல்லாத மாதிரி, அந்த அத்தைக்க காலடியில நின்னுது.

"ஒத்தத் தும்மலு!" அத்தை எழும்பிட்டாவ. "தட்டு மாத்துக நேரத்துல, அதுவும் தாய்மாமன்! இனி நான் சொல்லவா வேணும்?"

அக்கா என்னைப் பாத்த பார்வையில நான் அப்பவே செத்தேன்.

மாப்பிளைக்க அப்பாதான் சமாளிச்சாரு. "பொறுங்க, பொறுங்க. ஒத்தையாப் போனாத்தான தோஷம்? ரெட்டையா வந்தா நல்ல சகுனம்லா! இன்னொண்ணு வரும். பொறுங்க."

எல்லாரும் என் மூக்கைப் பாத்தாவ. நானும் பாத்தேன். ஒண்ணும் வரல!

"தும்முலே!"ன்னு அக்கா.

"அவரு தும்மப்பிடாது!" கோமதி குறுக்க சாடினா. "உள்ள தூளு வச்சிருக்கு! போச்சுன்னா மொதல்லேருந்து அறுக்கணும்!"

"ஒண்ணு தும்மினான்லா? இன்னொண்ணு தும்மினா என்ன கொறஞ்சு போவும்?"ன்னு அக்கா.

அக்காளும் கோமதியும் என் மூக்குக்காக வழக்காடினாவ. அதுக்குள்ள அத்தான் எங்கேயோ மூக்குப்பொடி கேட்டு ஓடினாரு. ஒருத்தர் சூரியனைப் பாக்கச் சொன்னாரு. ஒருத்தர் மூக்கைக் குடைய வெத்திலக் காம்போட கிட்ட வந்தாரு.

அபி மட்டும் என் பக்கத்துல வந்தா. கண்ணு நெறைய தண்ணி. "மாமா, வேண்டாம். பல்லு போயிரும். இவங்க சொல்லுகதுக்காகச் செய்யாதீங்க."

அவ கல்யாணம் தொங்கிட்டுக் கெடக்கு, அவளுக்கு என் பல்லுதான் கவலை! போட்டும் சவத்து எலும்பு. இன்னொரு தடவ அறுத்தாப் போச்சு. மாலைக்குள்ள மொகத்தப் பொதச்சு, மரிக்கொழுந்த நெஞ்சு முட்ட இழுத்தேன்.

ம்ஹூம். ஒரு அசைவு இல்ல!

பொறந்த நாள்லேருந்து கூப்பிடாம வந்த தும்மலு. பிள்ளைக்க நல்லதுக்குக் கூப்பிடுகேன், வரமாட்டேங்குது. எனக்கு வந்த வெப்ராளத்துக்கு மூக்கைப் பிடுங்கி எறியலாம்னு தோணிச்சு.

அத்தைக்கு மொகம் மலர்ந்துது. நேரா என் முன்னால வந்து நின்னாவ. "வராது. தெய்வம் ஒத்தையிலயே சொல்லிட்டு. தட்டைக் கீழ வைங்க"ன்னு சேலை முந்தானைய ஒரு உதறு உதறினாவ.

குப்புன்னு ஒரு வாசனை, அவங்க மவன் துபாய்லேருந்து அனுப்புன சென்டாம். பெறவு கேட்டேன். பாதிக் குப்பியாவது அடிச்சிருப்பாவ.

வாயைத் தொறக்கத்தான் நேரம் இருந்துது. மொகத்தத் திருப்ப நேரம் இல்ல.

"ரெட்டை!"ன்னு மாப்பிளைக்க அப்பா கத்தினாரு. கூடமே கையடிச்சுது. பொம்பளைங்க குரவை போட்டாவ. அத்தை முந்தானையால மொகத்தத் தொடச்சிட்டு நின்னாவ.

எனக்கு மூக்குல மறுபடியும் ஊர்ந்துது. மூக்குப்பொடியோட திரும்பி வந்த அத்தானுக்குக் கண்ணால சைகை காட்டினேன்.

"ஐயோ, மூணாவது வருது! மாத்துங்க, மாத்துங்க!"

அத்தான் என் கையிலேருந்து தட்டைப் பிடுங்கி அங்க குடுத்து, அந்தத் தட்டை வாங்கி என் கையில திணிச்சாரு. மாறியாச்சு. அதுக்கு அப்புறம் வந்த தும்மல யாரும் எண்ணல.

இன்னைக்குக் காலையில பயந்துட்டே டாக்டர்ட்ட போனேன்.

"தும்மினீங்களா?"

"கொஞ்சம்."

"வாயைத் தொறந்தீங்களா?"

"ஊரே பாத்துது டாக்டர். வீடியோ இருக்கு."

காட்டுங்கன்னாவ. ரெண்டு தடவ போட்டுப் பாத்தாவ. சிரிப்ப அடக்கிட்டு எக்ஸ்ரே எடுத்தாவ. "தூளு எடத்துலயே இருக்கு அண்ணே. இவ்வளவு ஒழுங்கா வாயைத் தொறந்து தும்முன பேஷண்ட நான் பாத்ததே இல்ல."

எனக்குப் போன உசிரு திரும்பி வந்துது. உடனே அக்காளுக்குப் போன் போட்டேன்.

"எலும்பு இருக்கு அக்கா!"

"நல்லது மக்கா. கல்யாணம் அடுத்த மாசம், நாளு குறிச்சாச்சு. மாப்பிள வீட்டுலேருந்து இப்பத்தான் பேசினாவ. உனக்குப் போடுக மாலையப் பத்தி."

தோவாளைப் பூக்காரங்க வீட்டுக் கல்யாணத்துல பிளாஸ்டிக் மாலை போட்டு நிக்கப்போற மொத தாய்மாமன் நான்தான்.