டாக்டரம்மாவுக்குப் போன பெட்டி

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அங்கு நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஓய்வுபெற்று, வீட்டில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனை, உங்கள் பேச்சுக்காகத்தான் இந்த உயர்ரகக் கைப்பைக் கடையில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு எடுத்தார்கள். வெள்ளைக் கையுறை, ஏசி கார், போகிற இடமெல்லாம் 'சார்'. ராஜ வாழ்க்கைதான். வேலை நிரந்தரமாகுமா என்பது இந்த வாரம் தெரியும் என்றிருந்த நேரத்தில் ஒன்று நடந்துவிட்டது. மேனேஜர் வாயால் நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மூலை நசுங்கிய பைப் பெட்டிகளைக் கடையில் தூக்கிப் போடுவார்கள். உங்கள் அத்தைக்கு மனசு கேட்காது. உப்பு, பட்டன், மாத்திரை எல்லாம் எங்கள் வீட்டில் அந்தப் பெட்டிகளில்தான் குடியிருக்கின்றன. அன்று என் சாப்பாட்டு டப்பாவையும் ஒன்றில் வைத்து, கடைக்கு ஏற்ற மாதிரி இருக்கட்டுமே என்று பட்டு நாடா வேறு கட்டிவிட்டாள். அதைத்தான் நான், எங்களிடம் பை வாங்கிய ஒரு டாக்டரம்மா வீட்டில், பைப் பெட்டி என்று நினைத்து இரண்டு கையாலும் நீட்டியிருக்கிறேன். கடை முறைப்படி நாடாவை நாங்கள் அவிழ்க்க வேண்டும். வாங்கியவர் மூடியைத் திறக்கும்போது சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். நின்றேன். "என்னங்க இது?" என்றார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, "எல்லாமே கையால செஞ்சதும்மா, உங்களுக்காகவே" என்றேன். "சூடா வேற இருக்கே" என்றார். அப்பத்தான் திரும்பிப் பார்த்தேன் மாப்பிள்ளை, எனக்கு உசுரே போயிடுச்சு. ராத்திரி டூட்டி முடிச்சுப் பசியோட வந்தவங்களாம். சிரிச்சு முடிச்சு, ஸ்பூனை எடுத்து முழுசாச் சாப்பிட்டுட்டுத்தான் கார்ல இருந்த பையைக் கொண்டுவரச் சொன்னாங்க.

பிறகு அவரே மேனேஜருக்குப் போன் செய்து என்னை மெச்சி, இன்னொரு பையும் கேட்டாராம். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேலை நிரந்தரம் சார். ஆனா இனிமே உங்க சாப்பாடு நம்ம பெட்டியில வரக் கூடாது" என்றார். உங்கள் பேரைக் கெடுக்கவில்லை என்பதில் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இனி எந்தப் பெட்டியையும் பிரித்துப் பார்க்காமல் தொடுவதில்லை. இந்தச் சந்தோஷத்தில் உங்கள் அத்தை சுட்ட பலகாரத்தை, மிச்சமிருந்த ஒரு பெட்டியில் கட்டி, காலையில் உங்கள் ஊர்ப் பக்கம் போன கடை வண்டியில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். என் சாப்பாடுதானே கூடாது என்றார்.

இருவரும் எல்லா நலமும் பெற்று நீடு வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
நிரந்தர ஊழியரான உங்கள் மாமனார்

பின்குறிப்பு: பலகாரப் பெட்டி இதோ கடையில் என் மேசை மேலேயே இருக்கிறது. உங்களுக்கு வந்துகொண்டிருப்பது டாக்டரம்மாவின் இரண்டாவது பை. வந்ததும் அப்படியே திருப்பி அனுப்புங்கள் மாப்பிள்ளை. என் மகள் கண்ணில் மட்டும் படக் கூடாது. பட்டால், நான் மறுபடியும் மின்விசிறியைப் பார்க்க வேண்டியதுதான்.