எலுமிச்சை வேலிக்குப் பதிமூன்று ஓட்டு

"நீ இன்னா சீரியல் பாக்குற?" என்று கங்கம்மா கேட்டபோது ஹெலனின் வாய் நிறையச் சோறு இருந்தது. அதனால் யோசிக்க அரை நிமிடம் கிடைத்தது. அது போதவில்லை.

கும்மிடிப்பூண்டியில் பாட்டில் மூடி செய்கிற அந்தக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் அவள் சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கேன்டீனில் கடைசி நீள மேசை பேக்கிங் பெண்களுடையது. அவளையும் சேர்த்துப் பதினாலு பேர். பன்னிரண்டு நாளும் அந்த மேசையில் ஒரே பேச்சுதான். எந்த சீரியலை உட்கார்ந்து பார்க்கலாம், எதைப் பார்த்தால் ஆயுசு வீண்?

எல்லோருக்கும் மூத்தவளான கங்கம்மா 'இரட்டைத் தாழ்ப்பாள்' கட்சி. மூன்று நாள் விருந்துக்கு வந்த மருமகன், ரெண்டு வருஷமாகியும் பெட்டியைக் கட்டாத கதை. ஈஸ்வரி 'வண்ணக்கொடி' கட்சி. அதில் கதாநாயகியின் புருஷன் மாசத்துக்கு ஒரு கட்சி மாறுவான். அவன் கழற்றிப்போட்ட துண்டெல்லாம் அவள் அடுப்படியில் கரித்துணி.

"மருமகனைக் கழுத்தைப் புடிச்சு வெளியே தள்ளாம, தெனம் முட்டை அவிச்சுக் குடுக்கிறாளே அந்தப் பொம்பள, லூசா அவ?" என்பாள் ஈஸ்வரி.

"பொண்ணு வாழ்க்கை இருக்குதுடி அதுல! பெத்தவளுக்குத்தான் தெரியும்" என்று கங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒரு சீரியலுக்காக இத்தனை உருகுகிறவளை ஹெலன் அதுவரை பார்த்ததில்லை.

"எந்தச் சானல்கா அது?" என்று ஹெலன் ஒருமுறை கேட்டாள்.

"ஏதோ ஒண்ணு. கேபிள்காரன் நம்பரை மாத்திக்கினே கீறான், பேஜாரு புடிச்சவன்" என்று கங்கம்மா அவசரமாக ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

ஹெலனுக்கு எந்த சீரியலும் தெரியாது. புதுவாயலில் அவள் வீட்டு டிவியில் காலையிலிருந்து ராத்திரி வரை பிரசங்கம்தான் ஓடும். ரிமோட் மாமியாரின் மடியில் இருக்கும். அந்த மாமியாரும், ஹெலன் வேலைக்குப் போன நாளிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "என் புள்ள சம்பாத்தியம் போதலையா?" என்பது அவர் கடைசியாக நேரில் கேட்ட கேள்வி. புருஷன் தானியேலுக்கு உருக்காலையில் ராத்திரி ஷிப்ட். அவள் வீட்டுக்குள் நுழையும்போது அவன் கிளம்பிக்கொண்டிருப்பான். ஆக, அவளோடு வாய் திறந்து பேச இந்த உலகத்தில் மிச்சமிருந்தது இந்த மேசை ஒன்றுதான். 'நான் சீரியலே பாக்கறதில்லை' என்று சொல்லி அதையும் இழக்க அவளுக்கு மனசு வரவில்லை.

சோற்றை விழுங்கினாள். டப்பாவில் எலுமிச்சைச் சாதம்.

"எலுமிச்சை..." என்றாள். "எலுமிச்சை வேலி."

"புதுசா கீதே! இன்னா கதை?"

கதைக்கு எங்கே போவாள்? வாயில் வந்ததைச் சொன்னாள். "மரகதம்னு ஒரு பொண்ணு. கம்பெனி வேலைக்குப் போறா. அதுல மாமியாருக்குக் கோவம். பேசறதே இல்ல. ஏதாச்சும் சொல்லணும்னா ஊட்ல இருக்கிற கோழிகிட்ட சொல்லுவாங்க. 'ஏய், அந்தக் கம்பெனி மேடம்கிட்ட சொல்லு, ரசத்துல உப்பு இல்ல'ன்னு."

பதின்மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எப்போதும் மேசை ஓரத்தில் வாய் திறக்காமல் சாப்பிடுகிற ஜெபாவுக்குக்கூடப் புரையேறியது.

"கோழி இன்னா பண்ணும்?"

"நின்னு கேக்கும்."

"எந்தச் சானல்?" என்றாள் ஈஸ்வரி.

ஹெலன் தண்ணீர் டம்ளரை எடுத்தாள். "ஆந்திரா சானல். தமிழ்ல டப்பிங்."

"நான் ஆரம்பாக்கத்துக்காரி. எங்க ஊட்ல எல்லா ஆந்திரா சானலும் வருது. எத்தினி மணிக்கு?"

"மத்தியானம் மூணு மணி."

"மூணு மணிக்கு நீ எங்ககூட மூடி பொறுக்கிக்கினு இருக்கியே?"

"எங்க அத்தை பாத்துட்டு, சாயந்திரம் எனக்குக் கதை சொல்லுவாங்க."

கங்கம்மா சாப்பிடுவதை நிறுத்தினாள். "மருமகளுக்குக் கதை சொல்ற மாமியாரா! குடுத்து வச்சவம்மா நீ."

"இன்னைக்கு எங்க ஊட்டுக்காரரைப் பாக்கச் சொல்றேன்" என்றாள் ஈஸ்வரி.

அன்று மத்தியானம் முழுக்க ஹெலன் நீல மூடிகளை வெள்ளை மூடிப் பையில் போட்டாள். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது ஒண்ணுக்கு மூணு பொய் தயார் செய்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை.

"பாத்தாரு!" என்றாள் ஈஸ்வரி, எல்லோர் முன்னாலும். "சூப்பராம்! அந்தக் கோழிக்கு இன்னா நடிப்புன்னு ஆச்சரியப்படறாரு!"

ஹெலனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் வீட்டுக் கதையை நிஜமாகவே எவனோ படம் பிடித்துவிட்டானா?

அதற்குப் பிறகு தப்பிக்க வழியில்லை. தினமும் மத்தியானம் அடுத்த எபிசோட் கேட்டார்கள். அவளும் முந்தின நாள் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். மரகதம் என்ன செய்யவேண்டும் என்பதில் மேசை இரண்டாகப் பிரிந்தது.

"கோழியை அடிச்சுக் கொழம்பு வச்சிடணும்" என்றாள் ஈஸ்வரி. "தூது போற ஆளு இல்லன்னா நேர்ல பேசித்தானே ஆவணும்?"

"போடி, வெவரம் கெட்டவளே. மரகதமும் அதே கோழிகிட்ட பேசணும்" என்றாள் கங்கம்மா. "'ஏ கோழி, அவங்க வைக்கிற மீன் கொழம்பு எனக்கு வரல, ஒரு தபா சொல்லித் தரச் சொல்லு'ன்னு கேக்கணும். எந்தக் கெழவிக்குத்தான் மனசு எளகாது?"

அன்று சாயந்திரம் ஹெலன் வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியாரின் காலடியில் படுத்திருந்த கோழியிடம் நேராகப் போனாள்.

"ஏ கோழி, அத்தைகிட்ட கேளு. அவங்க மீன் கொழம்பு மாதிரி எனக்கு ஏன் வரமாட்டேங்குது?"

மாமியார் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிரசங்கம் முடிந்து விளம்பரம் வந்தது.

"மாங்கா போடணும்னு சொல்லு" என்றார் கோழியிடம்.

"எவ்ளோன்னு கேளு."

"ரெண்டு கீத்துன்னு சொல்லு."

"பச்சமொளகா கீறிப் போடறதா, முழுசாவான்னு கேளு."

கோழி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. என்ன நினைத்ததோ, எழுந்து இறக்கையை உதறிவிட்டு வெளியே போய்விட்டது. மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் நின்றார்கள். மாமியாரின் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"கீறித்தான் போடணும்" என்றார், ஹெலனின் முகத்தைப் பார்த்து. "கால் வலிக்க வேலை செஞ்சிட்டு வந்திருக்க, முதல்ல உக்காரு. டீ போடறேன்."

மறுநாள் இந்த எபிசோடைச் சொல்லி முடித்தபோது மேசையே கை தட்டியது. கங்கம்மா மூக்கைச் சிந்தினாள். "இதாண்டி சீரியல்! பாத்தா இந்த மாதிரி ஒண்ணைப் பாக்கணும்!"

அந்தக் கைதட்டல்தான் வினையாயிற்று. தொழிலாளர் நல அதிகாரி பார்த்திபன் அங்கே வந்து நின்றார். சின்ன வயசு, எல்லோரையும் சந்தோஷப்படுத்தியே தீருவேன் என்று கங்கணம் கட்டிய மனிதர்.

"உங்க டேஸ்ட்டைப் பார்த்து மேனேஜ்மென்ட்டே அசந்துபோயிருக்கு!" என்றார். "கேன்டீனுக்குப் பெரிய டிவி வருது, நெட்டோட. சனிக்கிழமை மத்தியானம் அரை மணி நேரம் நீங்க கேட்கிற சீரியல். ஆனா ஒண்ணுதான். சண்டை வேண்டாம், ஓட்டுப் போட்டுடலாம்."

'இரட்டைத் தாழ்ப்பா'ளுக்கு நீல மூடி, 'வண்ணக்கொடி'க்குப் பச்சை மூடி, 'எலுமிச்சை வேலி'க்கு மஞ்சள் மூடி என்று ஏற்பாடாயிற்று.

ஹெலன் கங்கம்மாவிடம் ஓடினாள். "அக்கா, உங்க சீரியலுக்கே எல்லாரையும் போடச் சொல்லுங்க. அதான் நல்லா கீது."

கங்கம்மாவின் முகம் வெளுத்தது. "ஐயய்யோ, வேணாம்மா! என்னுது ஒரே இழுவை. உன்னுதுதான் பர்ஸ்ட் கிளாஸ்!"

ஈஸ்வரியிடம் போனாள். "வண்ணக்கொடியா? அதுல இப்ப கதையே இல்ல, போம்மா" என்று அவளும் கையை உதறினாள். நாலு வருஷமாகத் தொண்டை கிழியச் சண்டை போட்டவர்கள், புதிதாக வந்தவளுக்காக இப்படி விட்டுக்கொடுக்கிறார்களே என்று ஹெலனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. குற்ற உணர்ச்சி வேறு.

பெட்டியைத் திறந்தார்கள். பதின்மூன்று மஞ்சள், ஒரு நீலம். அந்த நீலம் ஹெலன் போட்டது.

அன்றே பார்த்திபனைப் பிடித்தாள். "சார், அந்த சீரியல் முடிஞ்சிபோச்சாம் சார்."

"ரொம்ப நல்லது! முதல் எபிசோடிலிருந்தே வாராவாரம் போடலாம்."

"தெலுங்கு டப்பிங் சார், கெடைக்காது."

"என் மிஸஸுக்குச் சூளூர்பேட்டைதான். அவங்க தேடித் தருவாங்க. ஆமா, மேனேஜர் சாரும் வந்து பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார்."

அதற்கு மேல் வாய் திறந்தால் மந்திரியே வந்துவிடுவார் என்று பயந்து ஹெலன் பேசாமல் திரும்பினாள்.

சனிக்கிழமை. சுவரில் பெரிய டிவி. முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் டீயோடு மேனேஜர். பார்த்திபன் ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாக அடித்துத் தேடினார். 'எலுமிச்சை ஊறுகாய் கெடாமல் இருக்க' என்று ஒன்று வந்தது. மறுபடி தேடினார். 'வேலி போட எளிய முறை' வந்தது. மேனேஜர் அதைக் கொஞ்சம் ஆர்வமாகவே பார்த்தார்.

"ஹெலன்மா, இங்க வந்து சரியான சானல் பேரைச் சொல்லுங்க."

ஹெலன் எழுந்து போனாள். திரும்பி அந்தப் பதின்மூன்று முகங்களைப் பார்த்தாள். இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

"சார், அப்படி ஒரு சீரியலே கெடையாது" என்றாள். "அது எங்க ஊட்டுக் கதை. மரகதம் நான்தான். கோழியும் எங்க கோழிதான். பேச ஆள் இல்லாம, இவங்ககூட உக்காந்து பேசணும்னு ஆசைப்பட்டுச் சொல்லிட்டேன். இவங்க சொன்ன யோசனையாலதான் எங்க அத்தை இப்ப என்கூடப் பேசறாங்க. என்னை இன்னா வேணா பண்ணிக்குங்க."

மேனேஜர் டீயைக் கீழே வைத்தார். "இப்ப அத்தை நல்லா பேசறாங்களா?" என்றார்.

"பேசறாங்க சார்."

"அப்ப நல்ல சீரியல்தான்" என்று டீயை மறுபடி எடுத்துக்கொண்டார்.

பார்த்திபனுக்கு உயிர் வந்தது. "பரவாயில்லை, பரவாயில்லை! ரெண்டாவது இடத்துக்குப் போவோம். ஒரு ஓட்டு, இரட்டைத் தாழ்ப்பாள்! கங்கம்மா அக்கா, அது எந்தச் சானல்?"

கங்கம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது, நிற்கவில்லை. ஈஸ்வரி குனிந்து மேசைக்கடியில் எதையோ தேட ஆரம்பித்தாள். மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் துடைத்தார்கள். யாரும் ஹெலனை நிமிர்ந்து பார்க்கவில்லை. இத்தனை கோபமா? வேலை போனாலும் தாங்கலாம், இந்த மேசை போனால் தாங்கமுடியாது என்று அவளுக்குத் தோன்றியது. தலையைக் குனிந்தபடி திரும்பி வந்தாள்.

"என்னை மன்னிச்சிடுங்கக்கா" என்றாள், யாரிடம் என்று தெரியாமல்.

ஜெபா நகர்ந்து இடம் விட்டாள். கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். இருபத்தைந்து நாளில் முதல்முறையாக வாய் திறந்து, காதருகே சொன்னாள்:

"நாங்க இன்னாத்தைம்மா மன்னிக்கிறது? நாலு வருசமா இந்த மேசையில பேசற ஒரு சீரியலும் எந்த டிவியிலயும் வரல, எல்லாம் அவங்கவங்க ஊட்டுக் கதை. ஈஸ்வரிகூட ஊட்டுக்காரரைக் கேக்காமலே 'பாத்தாரு'ன்னு அளந்துட்டா. உன்னுது ஒண்ணாச்சும் நெசமா வருதுன்னு நம்பித்தானே அத்தினி பேரும் உனக்கு ஓட்டு போட்டோம்!"