சக்கரமில்லா வாகனத்துக்கு ஒரு பூசை

படகுக்குச் சக்கரம் கிடையாது என்னும் உண்மை, நான்கு எலுமிச்சம்பழங்களைக் கையில் ஏந்தி நின்றபோதுதான் அழகமுத்துவுக்கு உறைத்தது.

புதிதாக வாங்கிய வாகனம் பழத்தை நசுக்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். அது தோட்டத்து வழக்கம். வாகனம் பழையதானாலும், வாங்கியவருக்கு அது புதிதுதானே? யட்டியாந்தோட்டைப் பக்கம் இறப்பர்த் தோட்டமொன்றில் வசிக்கும் அழகமுத்து, பெல்மதுளை வியாபாரி ஜுனைதீனிடம் தம் வேனைக் கொடுத்துவிட்டு, அதற்கு மாற்றாக ஒரு பழைய ஜெட் போட்டைப் பெற்றிருந்தார். வேன் போய்விட்டதால் போட்டை இழுத்துவர வாகனமில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஜுனைதீனே அதை ட்ரெய்லரில் ஏற்றி, தம் லொறியில் மாட்டி, பலாங்கொடைக்கு அப்பாலுள்ள நீர்த்தேக்கத்தின் கரைவரை கொண்டுவந்து சேர்த்தார்.

"பழத்த எங்க முதலாளி வைக்கிறது?"

"ட்ரெய்லர் சில்லுக்கு வைங்களே."

ட்ரெய்லரின் சக்கரங்கள் உருண்டன. பழங்கள் நசுங்கின. அழகமுத்துவின் மனைவி கோகிலா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பூச ட்ரெய்லருக்குல்ல நடந்திருக்கு? நீங்க அதுலயா தண்ணியில போகப் போறீங்க?"

இந்தக் குறையைத் தீர்க்க அழகமுத்து ஒரு முழநீளச் செவ்வந்தி மாலையைப் போட்டின் மூக்கில் கட்டினார். ஜுனைதீன் பதறினார்.

"வாணாம் அழகமுத்து. இதுக்கு வெளிய விசிறி இல்ல. அடியால தண்ணிய உறிஞ்சி, பொறத்தால பீச்சித்தான் ஓடும். பூவு உள்ளுக்கு போனா சிக்கல்."

"சாமி மாலை முதலாளி. அது எப்படி சிக்கலாகும்?"

உண்மையில் அழகமுத்துவுக்குப் போட்டின்மேல் ஆசையில்லை, அண்ணன்மேல்தான் ஆசை. ஆறு ஆண்டுகளுக்கு முன், அழகமுத்து மகளின் திருமணத்தில், முதற்பொன்னாடை அண்ணன் கன்னையாவுக்குப் போகாமல் தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்குப் போய்விட்டது. அன்று பந்தியிலிருந்து எழுந்து போனவர்தான் கன்னையா. தம்பியுடன் அதன்பின் ஒரு சொல்லும் பேசவில்லை. வீட்டுக்குப் போனால் எழுந்து கொல்லைப்புறமாய்ப் போய்விடுவார். கோவிலில் கண்டால் தூணுக்கு அப்பால் நகர்வார். விரிந்த நீர்ப்பரப்பின் நடுவே குடும்பமாய்ப் போய்விட்டால் எங்கே எழுந்து போவார்? இதுவே அழகமுத்துவின் கணக்கு. வெள்ளத்தில் ஒரே கட்டையில் ஏற நேர்ந்த கீரியும் பாம்பும், கரை வரும்வரையாவது பழகித்தானே ஆகவேண்டும்?

கன்னையா வந்துவிட்டார். ஆனால் தம்பி அழைத்தாரென்று அல்ல. "ஜுனைதீன் முதலாளி கூப்புட்டிருக்காரு, மரியாதைக்குப் போகணும்ல?" என்று அவர் மனைவி வெள்ளையம்மா நச்சரித்ததால் வந்தார். உயிர்காப்பு அங்கியை அணிந்துகொண்டு, பின்னிருக்கையில், எல்லோருக்கும் முதுகு காட்டி அமர்ந்தார். கணவன்மாரின் மானத்தைக் காக்கும்பொருட்டு வெள்ளையம்மாவும் கோகிலாவும் ஆளுக்கொரு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். தமக்கு நீச்சல் தெரியாதென்று ஜுனைதீன் கரையிலேயே நின்றுகொண்டார்.

போட் சீறிப் பாய்ந்தது. நீர்த்தேக்கத்தின் நடுப்பகுதிக்கு அது வந்தபோது, காற்றில் அறுந்த மாலை நீரில் விழுந்து அடியில் மறைந்தது. இஞ்சின் அலறியது. போட் மட்டும் நகரவில்லை.

அழகமுத்து இஞ்சினை மேலும் முடுக்கினார். வழுவழுப்பான செவ்வந்தி இதழ்கள் பின்னால் மிதந்தன. பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ இறுகியது.

கன்னையாவின் முதுகு துடித்தது. முப்பது ஆண்டுகள் தேயிலை ஃபெக்டரியில் இஞ்சின் பார்த்தவர் அவர். வலியால் முனகும் இயந்திரத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவரால் இயலாது.

"மொதல்ல இஞ்சின நிப்பாட்டணும். முறுக்க முறுக்க நாரு இறுகத்தான் செய்யும்னு யாராவது சொன்னா நல்லது" என்றார், வானத்தைப் பார்த்து.

அழகமுத்து நிறுத்தினார். பிறகு அவரும் வானத்தையே பார்த்தார். "நாரை எப்படி வெளிய எடுக்கிறதுன்னு தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லலாம்."

"குடை இருந்தா குடுக்கச் சொல்லு" என்றார் கன்னையா, மேகத்திடம்.

வெள்ளையம்மா குடையை நீட்டினாள். போட் ஒருபுறம் சாயாமலிருக்கக் கோகிலா முன்பக்கம் போய் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். கன்னையா பின்மூடியைத் திறந்து, குடைக்காம்பின் வளைவை உள்ளே செலுத்தி, மாலையை நாரும் பூவுமாய் இழுத்துப் போட்டார். குடை கிழிந்தது; வழி திறந்தது.

அழகமுத்து மகிழ்ச்சியோடு மனைவியைத் தாண்டிக் கைநீட்டி விசையை அழுத்தினார்.

சத்தமே இல்லை.

மீண்டும் அழுத்தினார். இஞ்சின் இருமக்கூட இல்லை. பதற்றத்தில் பெட்டரி மூடியைத் திறந்து, ஸ்பானரால் ஒரு திருகை முடுக்கப் போனார். ஸ்பானர் கை நழுவி, ஒரு 'டுபுக்' ஒலியோடு நீரில் மூழ்கியது. உடனே இரண்டு கைகளாலும் வயர்களைப் பற்றப் போனார்.

"டேய் முத்து! அந்த வயர தொடாதடா, கருகிப் போயிருவ!"

ஆறு ஆண்டுகளில் அண்ணன் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

"அண்ணே…" அழகமுத்து நீட்டிய கைகளோடு அப்படியே திரும்பினார்.

"அண்ணேன்னு நின்னா ஆச்சா? இந்த மூடிய புடி. இந்த வயசுலயும் புத்தி வரலியே ஒனக்கு."

ஒரு மணி நேரம் இருவரும் ஒரே மூடியின் கீழ்த் தலைகளை முட்டிக்கொண்டு இயந்திரத்தை ஆராய்ந்தனர். முதலில் பெட்ரோல் குழாயைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அப்பாவின் பழைய சைக்கிளைப் பற்றி. கடைசியில் பேச்சு அந்தப் பொன்னாடைக்கு வந்து நின்றது.

"கிளாக்கரய்யா முன்னால நின்னாருண்ணே. போட்டோக்காரன் 'போடுங்க, போடுங்க'ன்னான். கை தானா போயிருச்சு. அன்னிக்கே ஒங்க கால்ல விழுந்திருக்கணும். பயமா இருந்துச்சு."

"நானும் திரும்பி வந்திருக்கணும். வீம்பு."

அழகமுத்து தம் தோளிலிருந்த துவாயை விரித்து அண்ணனுக்குப் போர்த்தினார்.

"பொன்னாடண்ணே."

"எண்ண நாறுதுடா."

"ஆறு வருசமா வச்சிருந்தா நாறாதா?"

கன்னையா சிரித்தார், அப்படியே கண்ணையும் துடைத்துக்கொண்டார். துடைத்த கையில் மசகு இருந்ததால் முகம் கருத்தது. அதைக் கண்டு அழகமுத்தும் சிரித்தார், சிரித்தபடியே அழுதார்.

பிறகு அவர் இயந்திரத்தை நோக்கிக் கைகூப்பினார். "அண்ணே, இதுக்குத்தான் கோயில் கட்டணும். இந்த நேரம் பாத்து கெட்டுப் போச்சே, என்ன ஒரு நன்றியுள்ள இஞ்சின்! ஓடியிருந்தா நீங்க கரையில எறங்கி அப்படியே பஸ் ஏறியிருப்பீங்க. கெட்ட போட்டக் குடுத்த முதலாளிக்கும் கோடிப் புண்ணியம்."

"அதெல்லாம் சரி" என்ற கன்னையாவின் நெற்றி சுருங்கியது. "எல்லாத்தையும் பாத்துட்டேன். பெட்டரி நல்லாருக்கு, எண்ண இருக்கு, வயரு ஒண்ணும் அறுபடல. ஒரு கோளாறும் இல்லியே! பெறகு எதுக்கு ஓட மாட்டேங்குது?"

சகோதரர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தனர். அதுவரை எதிர்மலையைவிட்டுக் கண்ணெடுக்காதிருந்த வெள்ளையம்மா மெல்லத் திரும்பினாள்.

"போதும் கோகிலா, பேசிட்டாங்க, விசைக்குப் பக்கத்துல இருந்து புடுங்கி மடியில ஒளிச்சு வச்சிருக்கியே, இஞ்சின நிப்பாட்டுற அந்தச் செவப்புக் கயித்த திரும்ப சொருகி விடு, இஞ்சின் ஓடட்டும், மிச்சத்த நாளைக்கு வழக்கம் போல போன்ல பேசிக்குவோம்."