பாயசத்தை யாரும் சந்தேகப்படவில்லை

செங்கல்பட்டு ஜில்லாவிலேயே ரகசியம் காக்கத் தெரியாத ஒரே மனிதர் உருட்டு சார்தான். அவரிடம் இருந்ததே ஒரு ரகசியம். அதை மீன்காரியிடம் சொன்னார், பால்காரரிடம் சொன்னார், செய்யூர் பஸ்ஸில் சில்லறைக்குக் காத்திருந்த நேரத்தில் கண்டக்டரிடமும் சொன்னார். யாருக்குத் தெரிய வேண்டுமோ அந்த நாலு பேரிடம் மட்டும் சொல்ல மாட்டேன் என்று பிடிவாதம்.

சதுரங்கப்பட்டினத்தில் நான் மெஸ் நடத்திய காலம் அது. செல்போன் வந்த புதிது. பேசினால் காசு என்று ஊரே மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்தது. உருட்டு சார் அணுசக்தி ஆபீசில் விஞ்ஞானி. வேலை நாளில் அவர் வாயிலிருந்து வருவது "இன்னொரு கரண்டி சாம்பார்" மட்டும்தான். ஞாயிறு மத்தியானம் இலையை எடுத்ததும் ஆளே மாறிவிடுவார்.

கூட வேலை பார்க்கும் நாலு பேரை மேஜையைச் சுற்றி உட்கார வைத்துக் கதை விடுவார். கதையில் கடலோரமாக ஒரு கோட்டை. அந்த நாலு பேரும் அதன் காவல் வீரர்கள். "இப்ப என்ன செய்யறீங்க?" என்று கேட்பார். ஒருவர் "மதில் ஏறறேன்" என்றால், இருபது முகம் வைத்த பகடை ஒன்றை உருட்டுவார். பெரிய எண் விழுந்தால் ஏறிவிட்டார். சின்ன எண் விழுந்தால் அகழியில் விழுந்தார். பகடையை உருட்டி உருட்டியே அந்தப் பெயர் வந்தது. சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் கோட்டையில் ராஜாவுக்கு ஓயாத மயக்கம். காவலாளிகள் நின்றபடி தூங்குகிறார்கள். உள்ளே இருக்கும் யாரோ எதிரிக் கப்பலுக்குக் கதவைத் திறந்துவிடத் திட்டம் போடுகிறார்கள். யார் அது? கோட்டைச் சமையல்காரி. பாயசத்தில் மருந்து. அதுதான் ரகசியம்.

"ஏன் சார், வேற ஆளே கெடைக்கலியா?" என்று கேட்டேன்.

"யாருமே சந்தேகப்படாத ஒருத்தர் வேணும்னு யோசிச்சேன்மா. உங்க முகம்தான் வந்துச்சு."

எதிரிக்குக் கோட்டையை விற்கிற முகம் என்று என்னை யாரும் அதுவரை பாராட்டியதில்லை. அன்றைக்கு அவருக்கு ஒரு அப்பளம் கூடுதலாகப் போட்டேன்.

வீரர்கள் நாலு பேரும் ஜோசியரைச் சந்தேகப்பட்டார்கள். ராஜாவின் மச்சானைக் கட்டிவைத்து விசாரித்தார்கள். ஒரு குதிரையைக்கூட விடவில்லை. சார் தவியாய்த் தவித்தார்.

"மிச்சப் பாயசத்தை நக்கின பூனை அங்கேயே சுருண்டு படுத்துடுச்சு," என்பார்.

"வயசான பூனைலா, பாவம்," என்பார் திருநெல்வேலிக்காரர். "எனக்கு இன்னொரு டம்ளர் ஊத்தச் சொல்லுங்க."

"சமையல்காரி இடுப்புல கோட்டைக் கதவுச் சாவி தொங்குது."

"நல்ல பொம்பள சார்," என்பார் கண்ணாடி போட்டவர். "யாரோ தொலைச்சத பத்திரமா எடுத்து வச்சிருக்காங்க."

ஒருநாள் எல்லோரையும் பஸ் ஏற்றி, நிஜமாகவே கடலோரக் கோட்டை இருக்கும் கடப்பாக்கத்துக்குக் கூட்டிப் போனார். இடிந்த கோட்டையில் நின்று, "சமையல்கட்டு இங்க இருந்தா, ஜன்னல் வழியா கப்பலுக்கு விளக்கு காட்டலாம், பாருங்க" என்று நீட்டி முழக்கினாராம். அவர்கள் பார்த்தார்கள். போட்டோ எடுத்தார்கள். வறுத்த நெத்திலி வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

கடைசியில் பொறுக்கமுடியாமல், "அந்தம்மாவ ஒரு தடவையாவது விசாரிக்கலாமே?" என்று கேட்டுவிட்டார்.

கண்ணாடிக்காரர் அதிர்ந்துபோனார். "அவங்க கையால தினம் சாப்பிடறோம் சார். அவங்களையே சந்தேகப்படறதா? மனுஷத்தனம் வேணாமா?"

மறுநாள் மீன்காரி கன்னியம்மா கூடையை இறக்கும் முன்பே கேட்டாள். "இன்னாக்கா, அந்த சமையக்காரிய புட்சாங்களா?"

"எங்க புட்சாங்க? ரெண்டாந் தடவ பாயசம் கேட்டு உக்காந்துகினு கீறாங்க."

அந்த நேரத்தில்தான் சாருக்கு வடக்கே மாற்றல் வந்தது. மாசக் கடைசிக்குள் கிளம்ப வேண்டும். அன்றைக்கு அவர் சாம்பார்கூடக் கேட்கவில்லை.

"வாயத் தொறந்து சொல்லிட்டா இன்னா சார்?" என்றேன்.

"நான் சொன்னா கதை செத்துடும்மா. அவங்களா கண்டுபிடிக்கணும்."

"போனா போவுது. பொம்மக் கோட்டதானே?"

இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குப் பேச வராதும்மா. இந்த மேஜையில மட்டும்தான் வரும். கதைய பாதியில விட்டுட்டுப் போனா, அவங்க ஞாபகத்துல நான் யாரு? மூலையில உக்காந்து சாம்பார் கேட்ட ஆளு."

அவர் இலையில் நானே ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினேன். "பேஜாரு புட்ச்ச ஆளுய்யா நீ," என்று வைதுவிட்டு உள்ளே போனேன்.

கடைசி ஞாயிறு. கதையில் கப்பல் கரைக்கு வந்துவிட்டது. வீரர்கள் மறுபடியும் குதிரையை விசாரிக்கப் புறப்பட்டார்கள். நான் நாலு டம்ளரில் பாயசம் ஊற்றி எடுத்து வந்தேன். நாலு பேர் முன்னாலும் வைத்தேன். சாருக்கு வைக்கவில்லை. ஒதுங்கி நின்று, இடுப்பில் இருந்த மெஸ் சாவியை ஆட்டிக்கொண்டே, "குடிங்க ராஜா, குடிங்க" என்றேன்.

திருநெல்வேலிக்காரர் வாய்வரை கொண்டுபோய்விட்டு, "நீங்க குடிக்கலியா ஆயா?" என்று கேட்டார்.

"சமைச்சவ குடிக்கலாமா கண்ணு? நீங்க குடிச்சிட்டு நல்லா தூங்குங்க."

கண்ணாடிக்காரர் சாவியைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நாற்காலி பின்னால் விழ எழுந்தார்.

"ஐயோ! சமையல்காரி!"

நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பகடை உருண்டது. சமையல்காரி பிடிபட்டாள், கதவு சாத்தப்பட்டது, கப்பல் திரும்பியது. சார் என்னை முறைத்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலியே சார்," என்றேன்.

அதற்கப்புறம் அந்தப் பாயசத்தை ஒருவரும் தொடவில்லை. உருட்டு சார்தான் நாலு டம்ளரையும் ஒவ்வொன்றாகக் குடித்தார். கண் கலங்கியிருந்தது. "ஏலக்காய் ஜாஸ்திம்மா," என்று பழியை என் மேல் போட்டார்.

வடக்கே போனவர் ஒரு ஞாயிறு மத்தியானம் கூப்பிட்டார். மிஸ்டு கால் இல்லை, நிஜமாகவே பேசினார். அந்த நாலு பேரும் வாராவாரம் போன் செய்கிறார்களாம். அங்கேயும் புதிதாக ஆள் சேர்த்துவிட்டாராம்.

"ஆனா ஒரே தலைவலிம்மா. இந்தக் கதையில சமையல்காரி நல்லவங்க. இவங்க முதல் நாளே அவங்களைப் பிடிச்சுக் கட்டி வச்சுட்டாங்க. எப்படி நம்ப வைக்கிறது?"

"அவ ஊத்துன பாயசத்த மொதல்ல அவளையே குடிக்கச் சொல்லு நைனா."

போனுக்குள் பகடை உருளும் சத்தம் கேட்டது.

"குடிச்சுட்டாங்கம்மா," என்றார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பாயசம் வைத்தால், முதல் டம்ளரை நான்தான் குடிக்கிறேன்.