ரேடியன் அண்ணனும் பதினோரு கால்குலேட்டரும்

அமீரகத்தில் ஒரே நாளில் பதினோரு பேரை அழவைத்த மனிதர் எனக்குத் தெரிந்து ரேடியன் அண்ணன் ஒருவர்தான். எங்கள் கம்பெனி மேனேஜர்கூட ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு மேல் அழவைத்ததில்லை.

வேலை முடங்கி, துபாயில் கிரேன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்த வருஷம் அது. ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜுக்கு மேல்மாடியில், வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் சர்வே டிப்ளமா வகுப்பு நடக்கும். கீழே தகரத்தைத் தட்டுவார்கள். மேலே கணக்கு சார் எங்களைத் தட்டுவார். அண்ணனையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் சைட்டில் ஹெல்பர்கள். டிப்ளமா வைத்திருப்பவனுக்கு மட்டும்தான் அடுத்த புராஜெக்ட்டில் விசா, மற்றவர்களுக்கு கேன்சல் என்று கம்பெனி சொல்லியிருந்தது.

பாடத்துக்குக் கோடு வரைந்து காட்டும் பெரிய கால்குலேட்டர் வேண்டும் என்றார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்த மெஷினைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவிக்கொள்வேன். ரேடியன் அண்ணனோ கை கழுவாமலே எல்லோருடைய மெஷினையும் தொடுவார். பிரச்சினையே அதுதான்.

கோணத்தை டிகிரியில் அளக்கலாம், ரேடியனிலும் அளக்கலாம். எங்களுக்கு வேண்டியது டிகிரி. நாங்கள் டீ குடிக்கப் போகும்போது அண்ணன் சத்தமில்லாமல் ரேடியனுக்கு மாற்றிவிடுவார். எல்லா விடையும் கோணலாகும். முதல் மாதம் நான் ஒரு கட்டடத்தின் உயரத்தைக் கணக்குப் போட்டு, மைனஸ் ஐம்பத்தாறு மீட்டர் என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன்.

சார் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இதென்னப்பா, கட்டடமா கிணறா?"

பின் பெஞ்சிலிருந்து அண்ணன் குரல் வந்தது. "சார், தம்பி அஸ்திவாரத்தை மட்டும் அளந்திருக்கான் சார்!"

மதுரைக்காரன் பாண்டிக்கு வேறு வைத்தியம். ஒயரை மாட்டி, மெமரி முழுக்க அழிந்துவிட்டதாகத் திரையில் காட்டும் ஒரு புரோகிராமை அவன் மெஷினில் ஏற்றிவிட்டார். ஃபார்முலா என்று நினைத்து பாண்டி அதைத் தட்டினான்.

"மூணு மாசமா ஏத்துனதுண்ணே! எல்லாம் போச்சுண்ணே!"

"அழாதலே. அழுதா ஈரம் பட்டு மெஷினும் போயிரும்," என்று முதுகைத் தடவிக்கொடுத்தார் அண்ணன்.

இன்னொருவன் மெஷினில் வெளிச்சத்தைக் குறைத்துத் திரையை வெறுமையாக்கினார். அவன் அது செத்துவிட்டதென்று அல் குசைஸ் வரைக்கும் பஸ் ஏறி ரிப்பேர் கடைக்குப் போனான். கடைக்காரர் இரண்டு பொத்தானை அமுக்கிவிட்டு, "கலாஸ்", முடிந்தது என்று கூலிக்குக் கையை நீட்டினார்.

இதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. உட்கார்ந்ததும் முதல் வேலையாக சைன் தொண்ணூறு அடித்துப் பார்ப்போம். ஒன்று என்று வந்தால் டிகிரி, பிழைத்தோம். 0.8939 என்று வந்தால் அண்ணன் வந்து போயிருக்கிறார். பள்ளிவாசல் தொழுகை மாதிரி தவறாமல் செய்வோம்.

பழிவாங்க ஆசைதான். ஆனால் அவர் மெஷினை யாரும் தொட முடியாது. பாஸ்போர்ட் காப்பி வைக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பெல்ட்டுக்குள் செருகியிருப்பார். குளிக்கப் போனாலும் அது கூடவே போகும்.

ஒருநாள் கேட்டேன். "ஏண்ணே இந்த வயசுல படிக்கிறீங்க? ஊருக்குப் போயி ஒரு கடை போடலாம்ல?"

விளையாட்டாகப் பதில் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "பதினாலு வருஷமா வெயில்ல நான் அளவுகுச்சியப் புடிச்சிட்டு நிக்கேன். அடுத்தவன் சர்வே கருவிக் கண்ணாடில பாக்கான். இடது, வலதுன்னு கையக் காட்டுதான், நான் நகருதேன். ஒருநாளாவது நான் பாக்கணும்லே. எவனையாவது நகரச் சொல்லணும்."

பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு அம்மா மேற்பார்வைக்கு வந்தார். யாரும் ஃபார்முலா ஒளித்துவைக்கக் கூடாது என்று, பெஞ்சு பெஞ்சாக வந்து ஒவ்வொரு மெஷினையும் தன் கையாலேயே அழித்துவிட்டுப் போனார். இந்த முறை நிஜமாகவே மெமரி காலி. பாண்டிக்கு அழுகைகூட வரவில்லை.

வினாத்தாள் வந்தது. பழக்கதோஷத்தில் நாங்கள் பதினோரு பேரும் சைன் தொண்ணூறு அடித்தோம். பதினோரு பேருக்கும் 0.8939.

பதினோரு தலைகள் ஒரே நேரத்தில் திரும்பி அண்ணனை முறைத்தன. அவர் பதறிப்போனார். நெஞ்சில் கையை வைத்து, சத்தியமாக நான் இல்லை என்று தலையை ஆட்டினார். அந்த அம்மா மேசையைத் தட்டினார். நாங்கள் டிகிரிக்கு மாற்றிக்கொண்டு எழுத ஆரம்பித்தோம். அண்ணனும் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

பாதி எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் அழிந்தால் அந்த மெஷின் தயாரித்த கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கே திரும்பிவிடும். வந்தபோது அது ரேடியனில்தான் இருந்தது. அண்ணன் உண்மையாகவே எதுவும் செய்யவில்லை. தன் மெஷினில் சைன் தொண்ணூறு அடித்துப் பார்க்கவும் இல்லை. அவருக்கு அந்தப் பழக்கம் வரக் காரணமே இருந்ததில்லை. எனக்கு இரண்டு பெஞ்சு தள்ளி அவர் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். நான் இருமினேன். அந்த அம்மா என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அதற்குமேல் இரும எனக்குத் தைரியம் இல்லை.

வெளியே வந்ததும் வராந்தாவில் அண்ணன் உற்சாகமாகக் கேட்டார். "அந்த டவர் எத்தன மீட்டர்லே? எனக்கு இருவத்தெட்டு."

"நாப்பத்திரெண்டுண்ணே," என்றான் பாண்டி.

மற்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் நாற்பத்திரண்டு. மெதுவாக பெல்ட்டிலிருந்து கவரை எடுத்தார். சைன் தொண்ணூறு அடித்தார். திரையில் 0.8939.

"எவம்லே என் மெஷின்ல கைய வச்சது?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு நான் சொன்னேன். "நான்தாண்ணே. நீங்க முகங்கழுவப் போனப்ப."

பாண்டி என்னைத் திரும்பிப் பார்த்தான். அண்ணன் அடிப்பார் என்றுதான் நினைத்தேன். தோளில் கையை வைத்தார்.

"மண்ணு மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலலே பாத்திருக்க! ஒருத்தனாவது திருப்பி அடிச்சியே. சபாஷ்." சிரித்தார். கை மட்டும் தோளிலிருந்து இறங்கவில்லை, கனத்துக்கொண்டே இருந்தது.

பதினோரு பேர் தேறினோம். மறுதேர்வு ஆறு மாதம் கழித்து. அவர் விசாவுக்கு அத்தனை நாள் இல்லை. கேம்ப் வாசலில் ஏர்போர்ட் வண்டி நின்றபோது பதினோரு பேரும் அழுதோம்; அவர் அந்தப் பிளாஸ்டிக் கவரை என் கையில் திணித்தார்.

"வச்சுக்கலே. ஊருல இத வச்சு நான் எந்த டவர அளக்கப் போறேன்?"

வண்டி வளைவில் திரும்பியதும் மெஷினை ஆன் செய்து, பழக்கதோஷத்தில் சைன் தொண்ணூறு அடித்தேன்.

0.8939.

பரீட்சை நாளுக்குப் பிறகு அவர் அதைத் திறக்கவே இல்லையா, எனக்காக மாற்றி வைத்துக் கொடுத்தாரா, தெரியாது. இன்று நான் கண்ணாடியில் பார்க்கிறேன், தூரத்தில் ஒருவர் குச்சியைப் பிடித்து நிற்கிறார். கணக்குப் போட வேறு மெஷின் வாங்கிவிட்டேன். அந்தப் பழைய மெஷினுக்கு அவ்வப்போது பேட்டரி மட்டும் மாற்றுகிறேன். டிகிரிக்கு மாற்ற மனசு வரவில்லை.