கஸ்டம்ஸ் திறந்த பை

துறைமுகத்தில் கடமையில் இருப்பவர்கள் கோபிக்கக் கூடாது. திருகோணமலையிலேயே மிகக் கண்டிப்பான சோதனை எங்கள் வீட்டுப் படலையில்தான் நடந்தது.

அதிகாரி எங்கள் நாய். மண்ணிறம். ஒரு காது மட்டும் நிமிர்ந்து நிற்கும். அம்மா ஆசையாய் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை அவன் உட்பட எல்லோரும் மறந்துவிட்டோம். முன்வீட்டு ஓட்டோக்காரர் செல்வம் அண்ணை வைத்த 'கஸ்டம்ஸ்' என்ற பட்டம்தான் நிலைத்தது.

பை என்று எது வந்தாலும் மூக்கை நுழைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவான். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தால் குறுக்கே படுத்துவிடுவான். கடிக்கமாட்டான், குரைக்கவும் மாட்டான். ஒரு பெருமூச்சு விடுவான், அவ்வளவுதான். அந்தப் பெருமூச்சுக்குத் தோற்காத ஆள் எங்கள் ஒழுங்கையில் இல்லை. பிறகு வரி. இறைச்சி என்றால் ஒரு துண்டு. நத்தார் கேக்குக்கு வாங்கிய கஜு என்றால் முழுப் பைக்கற். கட்டைபறிச்சானில் இருந்து மாமி தயிர்ச்சட்டி கொண்டுவந்தால், அன்று பொழுதுபடும்வரை வெள்ளை மூக்கோடுதான் கடமை பார்ப்பான்.

செல்வம் அண்ணைக்குச் சீனி வருத்தம், இனிப்பு வாயில் வைக்கக் கூடாது. ஒருநாள் மனைவி மணி அக்காவோடு எங்கள் வீட்டுக்கு வந்தவரின் பையிலிருந்து ஒரு மஸ்கற் பொட்டலத்தை இழுத்து, சரியாக அக்காவின் காலடியில் வைத்தான் கஸ்டம்ஸ்.

"இதென்னப்பா, புது மருந்தோ?"

"அது... தம்பிக்கு வாங்கினது." விரல் என்னைக் காட்டியது.

"தம்பிக்கெண்டால் ஏன் பாதி கடிச்சுக் கிடக்கு?"

அண்ணை என் காதுக்குள் சொன்னார்: "இவனுக்கு இருக்கிறது மூக்கில்லையடா. ரெண்டு ஓட்டை போட்ட பொலிஸ் ஸ்டேசன்."

அப்படிப்பட்டவன் இருக்கிற வீட்டில்தான் நான் ஒரு டிசம்பரில் ஒரு பையை ஒளித்தேன்.

கட்டாரில் எனக்கு வேலை சரிவந்திருந்தது. ஜனவரி முதல் கிழமை பயணம். அப்பா போன பிறகு வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். சொன்னால், மா குழைக்கிற கை அப்படியே நின்றுவிடும். நத்தார் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். உடுப்புகளை அடைத்த பையைக் கட்டிலுக்கு அடியில் பழைய மெத்தைக்குப் பின்னால் தள்ளினேன். விசயம் தெரிந்தது செல்வம் அண்ணைக்கு மட்டும். பஸ் நிலையத்துக்கு ஏற்றிப்போக ஓட்டோ வேண்டுமே.

அந்த வருடம் அம்மா வழக்கத்துக்கு மேல் பலகாரம் சுட்டார். பயத்தம் பணியாரம் மட்டும் மூன்று டின். பாவம், ஒன்றும் தெரியாமல் சுடுகிறாரே என்று நான் அடுப்படிப் பக்கமே போகவில்லை.

நத்தார் காலை. பாலன் பிறப்புப் பூசை முடிந்து வந்து, செல்வம் அண்ணையும் மணி அக்காவும் கதிரையில் இருக்க, அம்மா கேக் வெட்டிக்கொண்டிருந்தார். என் அறைக்குள் ஏதோ இழுபடும் சத்தம். கஸ்டம்ஸ் பின்பக்கமாக நடந்து வந்தான். வாயில் என் பையின் கைப்பிடி. இத்தனை நாளும் அந்தப் பையைத் திரும்பியும் பாராதவன், விறாந்தையின் நடுவில் போட்டு, சிப்பைப் பல்லால் பிய்த்தான். புதுச் சேட்டுகள், ஜீன்ஸ், கடைசியில் பாஸ்போட்.

"கேக் நல்லாயிருக்கு அக்கா," என்றார் செல்வம் அண்ணை அம்மாவிடம், கேக்கை இன்னும் வாயில் வைக்காமலே.

நான் ஏதோ சொல்ல வாய் எடுப்பதற்குள், பையின் அடியிலிருந்து இன்னொன்றை இழுத்தான். நான் வைக்காத பொட்டலம். மூன்று சுற்றுப் பொலித்தீன், அதற்கு மேல் அம்மாவின் பழைய சீலைத்துண்டு. பிரித்தால், நெத்தலிக் கருவாடு.

"அங்க நல்லது கிடைக்காதாம்," என்றார் அம்மா, தட்டைப் பார்த்தபடி. "நேற்றுத்தான் வச்சனான்."

"எப்ப தெரியும் அம்மா?"

"உன்ர பெனியனை நீயே மடிச்ச அண்டைக்கு."

"ஏன் கேக்கேல்ல?"

"கேட்டால் சொல்லிப்போடுவாய். சொன்னால் அப்பவே போன மாதிரி. நத்தார் முடியட்டும் எண்டு இருந்தனான்."

மணி அக்கா மூக்கை உறிஞ்சினார். கஸ்டம்ஸ் கருவாட்டில் பாதியை வரியாக எடுத்தான். அம்மா தடுக்கவில்லை.

கட்டாரில் இருந்து கதைக்கும் போதெல்லாம் அம்மா போனை அவன் பக்கம் பிடிப்பார். அவன் மூச்சு மட்டும் கேட்கும். அறைக்கு அறை ஆட்கள் இருந்தும், எனக்கு ஊர் என்றால் அந்த மூச்சுத்தான்.

இரண்டாவது டிசம்பரில், நத்தாருக்கு மூன்று நாள் முன்பு, செல்வம் அண்ணையின் குரல் வந்தது. "தம்பி, எங்கட கஸ்டம்ஸ் போயிட்டான். வயசுதானே, வேறொண்டுமில்லை. நான் சொன்னதைக் கொம்மாவுக்குக் காட்டிக் குடுத்திடாத. நத்தார் முடியுமட்டும் உன்னட்ட மூச்சு விட வேண்டாமெண்டு சொன்னவ."

நத்தார் அன்று அம்மாவோடு கதைத்தேன். அவனைப் பற்றிக் கேட்காமல் விட்டால், எனக்குத் தெரியுமென்று கண்டுபிடித்துவிடுவார்.

"அவன் எங்க அம்மா?"

துறைமுகப் பக்கம் யாரோ வெடி கொளுத்துவது போனுக்குள் கேட்டது.

"இஞ்சதான்... படுத்திருக்கிறான்."

"சாப்பிட்டவனோ?"

"ஓம். ஈரல் ரெண்டு துண்டு. இப்ப கேக்கும் வேணுமாம்."

"குடுக்காதேங்கோ. அவன்ர வயித்துக்கு ஏலாது."

"சும்மா இரடா. நத்தார்தானே."

"சரி, ஒரு துண்டு குடுங்கோ."

"ரெண்டாக் குடுக்கிறன்," என்றார் அம்மா.

அந்த நத்தாருக்கு அவன் கேட்டதையெல்லாம் கொடுத்தோம்.